உத்தரவு வாங்கித்தான் வருகிறான்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சேகர குரு ஒருவர் தரும் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிசாசைப் பற்றித்தான். போன மாதம் வரதட்சணை, அதற்கு முந்தின மாதம் கல்லறைத் தோட்டத்தில் இடம். சரி, வந்ததற்குத்தானே பதில் சொல்ல முடியும். முதல் கடிதம் நாலு பக்கம். சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

ஐயா, ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் அடிமேல் அடி. கணவர் பைக்கில் வரும்போது நாய் குறுக்கே பாய்ந்து, விழுந்து, காலில் கம்பி வைத்திருக்கிறது. தை மாதம் கறவை மாடு செத்தது. மூத்த மகளுக்குப் பேசி முடித்த கல்யாணம் தட்டிப்போனது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கடையைத் திறக்கப் போனால் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். கூட்டம் நடத்த வந்த ஊழியக்காரர் ஒருவர் வீட்டில் ஜெபித்துவிட்டு, "செய்வினை வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்தான், நெருங்கின உறவு, மாநிறம்" என்றார். எனக்கு உடனே என் ஓரகத்தி முகம்தான் வந்தது. சொத்துப் பிரிவினையில் எங்களுக்குள் மனஸ்தாபம் உண்டு. 7 மாதமாகப் பேச்சில்லை. மூன்று ராத்திரி யுத்த ஜெபம் நடத்த வேண்டும், 15,000 ரூபாய் ஆகும் என்கிறார். தேவன் சர்வவல்லவர் என்றால் இதையெல்லாம் ஏன் விட்டுவைத்தார்? எங்களைச் சுற்றியிருந்த வேலியை எடுத்துவிட்டாரா?
*— பெயர் வேண்டாம், நாசரேத் பக்கம்*

மகளே, முதலில் பணம். கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை என்று கடிதத்தின் மூலையில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்தது அந்த மாநிறம். நம் ஜில்லாவில் மாநிறம் இல்லாத சொந்தக்காரி யார் என்று எனக்குச் சொல்லுங்கள். நெருங்கின உறவில் மனஸ்தாபம் இல்லாத வீடு எது? இதைச் சொல்ல தீர்க்கதரிசன வரம் வேண்டியதில்லை, பஸ் ஸ்டாண்டில் கிளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். எலுமிச்சம்பழத்துக்கும் வருகிறேன். உங்கள் கடை மெயின் ரோட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் டயர் கடை, அந்தப் பக்கம் பலசரக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருஷ்டி கழித்து ரோட்டில் போடுவது அவர்கள் வழக்கம். போகிற வண்டி டயரில் பட்டு ஒன்று உங்கள் படிக்கு உருண்டு வந்திருக்கலாம். இல்லை, யாரோ வேண்டுமென்றே வைத்ததாகவே இருக்கட்டும். அப்படியும் உங்கள் கேள்விக்குப் பதில் மாறப்போவதில்லை.

லூக்கா 22-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராப்போஜன மேசை. சற்றுமுன்தான் சீஷர்கள் தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம் பண்ணியிருக்கிறார்கள். அங்கே ஆண்டவர் சொல்கிறார்: "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்."

மூலபாஷையில் சல்லடையால் அரிப்பது என்றுதான் இருக்கிறது. நம் வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் சுளகைப் போட்டார்கள். எனக்கு அந்த மாற்றத்தில் வருத்தமே இல்லை. எங்கள் அம்மா அறுப்பு முடிந்து முற்றத்தில் நின்று புடைக்கும்போது நான் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். உளுந்தோ நெல்லோ, ஒரு படி அள்ளிப் போடுவார்கள். சுளகின் வாயைக் காற்றுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்வார்கள். இரண்டு கையாலும் மேலே தட்டும்போது தானியம் ஒரு சாண் உயரம் எழும்பும், அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஒரு கணம் இருக்கும், அப்புறம் 'சொய்ங்' என்று அதே சுளகில் விழும். எனக்குத் தும்மல் வரும். தூசியும் பதரும் என் தலையில், நல்ல மணி அம்மாவின் மடிப்பக்கத்தில். பாதியில் அம்மா நிறுத்தி, பெருவிரலால் ஓரத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிவார்கள். தானியத்துக்கு வாய் இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் "ஐயோ, போச்சு" என்றுதான் கத்தியிருக்கும்.

இந்த வசனத்தில் இரண்டு வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். "உங்களைப் புடைக்கிறதற்கு" என்று பன்மை. "உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று ஒருமை. இங்கிலீஷ் வேதத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்லைப் போட்டுவிடுவார்கள், நமக்குத் தமிழில் தெளிவாகவே இருக்கிறது. அவன் மொத்தப் பேரையும் கேட்டான். ஆண்டவரோ ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அதையும் இரண்டு தடவை கூப்பிட்டு, உனக்காக ஜெபித்துவிட்டேன் என்கிறார். இன்னொரு வார்த்தை, 'உத்தரவு'. தாசில்தார் ஆபீஸ் வார்த்தை. பட்டா மாற்ற, மரம் வெட்ட, மைக் செட்டு கட்ட நாம் போய் நிற்கிறோமே, அந்த உத்தரவு. சாத்தானும் மனு எழுதிக்கொண்டு அந்த வாசலில்தான் போய் நின்றிருக்கிறான். அவனுக்கு வேறு வாசல் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த மனுவைத் தள்ளிவிட்டேன் என்று ஆண்டவர் சொல்லவில்லை. சீமோன் என்கிற பேதுருவுக்கு அன்றைக்கு ராத்திரியே புடைத்தல் நடந்தது, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்து, சேவல் கூவுகிறவரைக்கும் நடந்தது. காற்றில் போனது அவனுடைய வாய்ச்சவடால். விசுவாசம் சுளகில் கிடந்தது.

வேலி என்று கேட்டீர்கள். நீதிமானாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தகத்தில் அந்த வார்த்தை யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். "அவனுக்கு உண்டான எல்லாவற்றையும் சுற்றி வேலியடைக்கவில்லையோ" என்று புகார் சொல்கிறவனே சாத்தான்தான். சுற்றிச் சுற்றி வந்து, நுழைய இடம் தேடிப் பார்த்தவனுக்குத்தான் வேலியின் உயரம் தெரியும். உள்ளே இருந்த யோபுவுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்ததாகத் தெரியவில்லை. பிறகு இழப்பு வந்ததே என்பீர்கள். வந்தது. ஆனால் வேலி அறுந்து வரவில்லை. வேலிக்காரரே படலைத் திறந்து, இவ்வளவு தூரம்தான் என்று கோடும் போட்டுவிட்டார். முதல் தடவை, அவன்மேல் கை வைக்காதே. இரண்டாம் தடவை, "அவன் பிராணனைமாத்திரம் தப்பவிடு." அவன் அந்தக் கோட்டை ஒரு விரற்கடை தாண்டவில்லை.

ஏன் திறந்தார்? உங்கள் விஷயத்தில் எனக்குத் தெரியாது. யோபுவுக்கே சொல்லப்படவில்லை. 42 அதிகாரம் முடிகிறவரைக்கும், பரலோகத்தில் தன்னைப் பற்றி நடந்த அந்தப் பேச்சை யாரும் அவனுக்குச் சொன்னதாக இல்லை. பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் மறுபடி பெற்றான், விளக்கம் மட்டும் கிடைக்கவில்லை. எனவே உங்கள் மாட்டுக்கு என்ன காரணம் என்று மூன்றே நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொல்கிறவரைப் பார்த்து நான் கொஞ்சம் பயப்படுகிறேன். (மாட்டுக்கு வாயில் புண் வந்து தீனி எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோமாரியாக இருந்திருக்கலாம். மற்ற மாடு இருந்தால் கால்நடை டாக்டரிடம் தடுப்பூசி கேளுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.)

இந்தக் கதையில் பிசாசு உண்மையிலேயே ஜெயித்த இடம் ஒன்று இருக்கிறது. அது எலுமிச்சம்பழம் இல்லை, கம்பி வைத்த காலும் இல்லை. 7 மாதமாக நீங்களும் ஓரகத்தியும் பேசவில்லை. ஏற்கெனவே இருந்த விரிசலில் அந்த ஊழியக்காரர் ஒரு கடப்பாரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பவுல் எழுதினது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும், "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்குப் போராட்டம் என்று. உங்களுக்கு நடத்தப்போகிற யுத்த ஜெபமோ ஒரு மாம்சத்தையும் இரத்தத்தையும் குறிவைத்திருக்கிறது. மாநிறமாம்.

அந்த வசனம் எந்த ஊருக்குப் போன கடிதம்? எபேசு. அப்போஸ்தலர் 19-ல் மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்களே, கிரயம் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு, அந்த ஊர். தகடும் தாயத்தும் தெரியாத ஜனங்களுக்கு எழுதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பவுல் சர்வாயுதவர்க்கம் என்று எடுத்துக் கொடுப்பது சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சணியம், வசனம். எண்ணெய்ப் பாட்டில் இல்லை. நாலு மூலையில் புதைக்க உப்பு இல்லை. எழுதுகிறவரோ காவலில், சங்கிலியில் இருக்கிறார். பாதுகாப்பைப் பற்றி எழுதுகிற ஆளின் கையில் விலங்கு! உங்கள் வீட்டுக்கு வந்தவர் அன்றைக்கு அங்கே போயிருந்தால், "பவுலே, உமக்கு யாரோ கட்டு போட்டிருக்கிறார்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் மேடையில் நின்று பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதே குழியில் நான் விழுந்தவன். இறையியல் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால், என் தங்கச்சிக்கு 15 வயது இருக்கும்போது, திடீர் திடீரென்று கண் மேலே செருகி, பல் கிட்டிக் கீழே விழுந்துவிடுவாள். ஊரில் பேய் என்றார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், கோடாங்கியிடம் போகமாட்டோம், ஜெபவீடு ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ஆறு வாரம். உபவாசம் என்று சோறு இல்லை. எங்கே அடித்தால் பேய் பேசும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் அண்ணன், நானே கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. கடைசியில் அப்பாவின் கூட்டாளி ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், சத்தம் போட்டு வண்டி பிடித்துப் பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வலிப்பு. மாத்திரை. இன்றைக்கு அவளுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். மாத்திரைச் சீட்டை வேதாகமத்துக்குள்தான் வைத்திருக்கிறாள், சங்கீதப் பக்கத்தில். அந்த ஆறு வாரத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் ஒரே ஒரு தடவைதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். போதாது என்று தெரியும்.

புடைக்கப்பட்ட அந்தப் பேதுருவே பிற்பாடு எழுதினான்: "உங்கள் எதிராளியாகிய பிசாசானவன் கெர்ச்சிக்கிற சிங்கம்போல்" சுற்றித்திரிகிறான் என்று. சிங்கத்தை எல்லாப் பிரசங்கியாரும் பிடித்துக்கொள்வார்கள். அந்த வசனம் எப்படி ஆரம்பிக்கிறது? "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள்." சிங்கம் அப்புறம்தான்.

ஆகவே மகளே, ராத்திரி குடும்ப ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். 91-ம் சங்கீதத்தை அட்டையில் எழுதி நிலைப்படியில் ஒட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் அந்தச் சங்கீதத்தைப் பிசாசுக்கும் மனப்பாடமாகத் தெரியும், தேவாலயத்து உப்பரிகையில் நின்று ஆண்டவரிடமே ஒப்பித்தான். எழுத்துக்கு அவன் பயப்படமாட்டான். அதைக் கதவிலிருந்து எடுத்து வாயில் வையுங்கள். 15-ம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள்: "நான் அவனுக்கு மறுஉத்தரவு அருளிச்செய்வேன், ஆபத்தில் நானே அவனோடிருந்து..." அங்கே மறுஉத்தரவு என்றால் பதில் என்று அர்த்தம். எனக்கென்னவோ லூக்காவில் வரும் உத்தரவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப் பிடிக்கும்.

அப்புறம் ஓரகத்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு கொண்டுபோங்கள். "உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லித் தொலைக்காதீர்கள். மூன்று பேர் கையால் சுற்றி அது எப்படியும் அவள் காதுக்குப் போயிருக்கும். குழம்பு போதும்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே சென்னையில் உள்ள ஜெபக்குழுவில் பதறுகிறார்கள். ஊரின்மேல் இருக்கும் ஆவியைக் கட்ட வேண்டும், பெயரை மாற்ற மனுக் கொடுங்கள் என்கிறார்கள். செய்யலாமா?
*— சாத்தான்குளத்து இளைஞர்*

தம்பி, அது சாத்தன். பழைய தமிழ்ப் பெயர். மணிமேகலை எழுதிய சீத்தலைச் சாத்தனாரின் பெயரில் இருக்கிற அதே சாத்தன். எபிரெயச் சாத்தானுக்கும் உங்கள் குளத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சென்னை நண்பர்களை ஒரு தடவை ஊருக்குக் கூப்பிட்டுப் பதநீர் வாங்கிக் கொடுங்கள், ஆவி இறங்கிவிடும்.

ஐயா, எங்கள் வாலிபர் கூடுகையில் ஜெபம் என்றால் முக்கால்வாசி நேரம் சாத்தானைப் பார்த்துத்தான் கத்துகிறோம். "கட்டுகிறேன், துரத்துகிறேன், உன் தலையை மிதிக்கிறேன்" என்று. எனக்கு ஏனோ ஒட்டவில்லை. என் விசுவாசக் குறைவா?
*— கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் தலைவர்*

குறைவில்லை, காது நன்றாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். யாருக்கும் சொல்லாமல், எத்தனை நிமிஷம் ஆண்டவரிடம் பேசினோம், எத்தனை நிமிஷம் பிசாசிடம் பேசினோம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். நான் ஒரு உபவாசக் கூட்டத்தில் குறித்தேன். எண்ணிக்கையை இங்கே போடமாட்டேன், நடத்தினவர்களுக்குச் சங்கடம்.

இயேசுவின் நாமத்தில் பிசாசைத் துரத்துவது வேதத்தில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பவுல் பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற பெண்ணிடமிருந்து ஆவியைத் துரத்தினது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஆனால் யூதா எழுதின சின்ன நிருபத்தில் 9-ம் வசனத்தைப் படியுங்கள். மிகாவேல் பிரதான தூதன். நம் கூடுகையில் இருக்கிற எவரையும்விடப் பலசாலி. அவனே பிசாசோடு தர்க்கித்தபோது தூஷணமாய்ப் பேசத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று சொல்லி முடித்துக்கொண்டான். வழக்கை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டான். யோபுவையும் பாருங்கள். சாத்தான் முதல் இரண்டு அதிகாரத்தோடு சரி, அப்புறம் ஆளைக் காணோம். யோபு அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதது, வாதாடினது, கோபப்பட்டது எல்லாம் தேவனிடம். அடித்தது யார் என்று யோபுவுக்குத் தெரியாமலிருக்கலாம். யாரிடம் முறையிட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

கூடுகையில் சண்டை போடாதீர்கள். உங்கள் முறை வரும்போது ஆண்டவரைப் பார்த்து, சாதாரணக் குரலில், "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்று சொல்லி உட்காருங்கள். பரமண்டல ஜெபத்தில் தீயவனைப் பற்றி வருவது அவ்வளவுதான், அதையும் பிதாவிடம்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

என் அம்மா போன வருஷம் புற்றுநோயில் இறந்தார்கள். 58 வயது. 40 ஆண்டு ஓய்வுநாள் பள்ளி நடத்தினவர்கள். சபை முழுக்க ஜெபித்தது. "பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்று சங்கீதம் சொல்கிறதே. அடக்கத்துக்கு வந்த ஒருவர், "எங்கோ ஒரு கதவைப் பிசாசுக்குத் திறந்துவிட்டிருக்கிறீர்கள்" என்று என் காதுபடச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் கோயிலுக்குப் போக முடியவில்லை. பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?
*— ஒரு ஆசிரியை, தூத்துக்குடி*

அம்மா, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒன்றும் எழுதவில்லை. முதலில் அந்த அடக்கத்துக்கு வந்தவரைப் பற்றி. யோபுவின் மூன்று நண்பர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். இவர் ஏழு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரம். நாம் பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்த கதையாகத்தான் அதைப் பிரசங்கிப்போம். 16 சேவகர் காவல், இரண்டு சங்கிலி, தூதன் விலாவில் தட்டி எழுப்புகிறான், இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது, பேதுரு வந்து தட்டும்போது ரோதை என்கிற பெண் சந்தோஷத்தில் வாசலைத் திறக்காமல் உள்ளே ஓடுகிறாள். சிறுபிள்ளைகளுக்கு நடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் உங்கள் அம்மா. அதற்கு முன்னால் இரண்டாம் வசனம் ஒன்று இருக்கிறது. "யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்தான்." அவ்வளவுதான். பேதுருவைச் சிறையில் போட்ட அதே ஏரோது ராஜா, அதே சபை. யாக்கோபுக்காக அவர்கள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? யாக்கோபின் தாயார் அன்றைக்கு எருசலேமில் இருந்திருந்தால், பேதுரு கதவைத் தட்டின ராத்திரி அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்? இதை எழுதின லூக்கா ஒரு விளக்கமும் தரவில்லை. யாக்கோபு கதவைத் திறந்துவிட்டான் என்றும் எழுதவில்லை, பேதுருவுக்கு விசுவாசம் அதிகம் என்றும் எழுதவில்லை. பேதுரு தூங்கிக்கொண்டிருந்தான் என்றுதான் எழுதியிருக்கிறது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். முதலூர் என்றால் இப்போது எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா ஞாபகம் வருகிறது. 1799-ல், உபத்திரவம் தாங்க முடியாத கிறிஸ்தவர்கள் ஒதுங்கி வந்து குடியேறின ஊர் அது, திருநெல்வேலி நாட்டில் அப்படி உண்டானதில் முதல் ஊர் என்பதால் முதலூர். அதற்கு முன்நின்ற தாவீது சுந்தரானந்தம் வாலிபத்திலேயே இறந்துபோனார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்பது இந்தப் பக்கம் வழிவழியாகச் சொல்கிற பேச்சு. அடைக்கலத்துக்கு ஊரை உண்டாக்கினவருக்கு அடைக்கலம் அந்த விதத்தில் கிடைக்கவில்லை. ஊர் இருக்கிறது, கோயில் இருக்கிறது.

டோனாவூரில் எமி கார்மைக்கேல் அம்மையார். 1901-ல் அங்கே வந்து, ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். 1931-ல் ஒரு நாள் மாலை, பக்கத்து ஊரில் ஊழியத்துக்காகத் தயார்செய்த வீடு ஒன்றைப் பார்க்கப் போய், இருட்டில் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறை. எத்தனை குழந்தைகளுக்குப் பாதுகாப்பாக இருந்தவர்! தூதர்கள் பாதம் கல்லில் இடறாதபடி ஏந்திக்கொண்டுபோவார்கள் என்று அதே 91-ம் சங்கீதத்தில்தானே இருக்கிறது? குழி மட்டும் எப்படித் தப்பியது? அந்த அறையில் படுத்துக்கொண்டு புத்தகம் புத்தகமாக எழுதினார், உண்மை. அதனால்தான் கால் முறிந்தது என்று யாராவது கணக்குப் போட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வலியும் 20 வருஷம் இருந்தது.

பாதுகாப்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். தன் கடைசி ராத்திரியில் ஆண்டவர் நமக்காகக் கேட்டது யோவான் 17-ல் இருக்கிறது: "நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்." நோய் வராது, கட்டி வராது என்று அவர் பிதாவிடம் கேட்கவில்லை. பேதுருவுக்கும் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிதான் கேட்டார். நான் சாவுப்படுக்கைகளுக்குப் பக்கத்தில் நிறைய நின்றிருக்கிறேன். சிலருக்கு வலியில் வேதவசனம்கூட வாயில் வராது, என்னைத் திட்டினவர்களும் உண்டு. ஆனாலும் கையை விடாமல் பிடித்திருப்பார்கள். அது அவர்கள் பிடித்த பிடி மாதிரி எனக்குத் தெரிந்ததில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மார்பின் கொடுத்த பிறகும், அரை மயக்கத்தில், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைப் பேர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று. வராத பிள்ளைக்கு "ஏன் வரலை?" என்று கேட்டார்கள் என்று. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அவர்களிடமிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் நோய் எடுத்துவிட்டது, முடியை, எடையை, குரலை. இதை எடுக்க அதற்கு உத்தரவு கிடைக்கவில்லை.

ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் விடுவிப்பார் என்று சொன்னார்கள். அதே மூச்சில் "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். உங்களுக்கு இப்போது முதல் பாதியைச் சொல்ல வாய் வராது. சொல்ல வேண்டாம். கோயிலுக்குப் போகவும் அவசரமில்லை. கடைசிப் பெஞ்சில், பாட்டு ஆரம்பித்த பிறகு போய், ஆசீர்வாதத்துக்கு முன்னால் எழுந்து வந்துவிடலாம். உங்கள் ஆயருக்கு நானே எழுதுகிறேன், யாரும் வழிமறித்துத் துக்கம் விசாரிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி.

ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வருகிறது. ஓட்டின்மேல் யாரோ நடக்கிற சத்தம். இயேசுவின் இரத்தம் ஜெயம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிடுகிறது. சத்தம் நிற்கவில்லை. வீட்டை ஜெபித்து மறுபடி பிரதிஷ்டை செய்ய வேண்டுமா?
*— உடன்குடி வாசகி, வயது 67*

அக்கா, பிரதிஷ்டை இருக்கட்டும். பக்கத்தில் பனைமரமோ கொய்யா மரமோ ஓட்டுக்கு மேல் சாய்ந்து நிற்கிறதா என்று பகலில் பாருங்கள். எங்கள் குருமனையில் இதே சத்தம். நான் வீட்டு வாசலில் முழங்காலில் நின்றேன், என் மனைவி டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மரநாய். அதுவும் தாயும் குட்டியுமாக இரண்டு. கிளையை வெட்டினோம், சத்தம் நின்றது.

விழிப்பு வந்தால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொல்லுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." இதைத் தாவீது எதிரிகள் சூழ்ந்திருக்கையில் சொல்கிறான், படுத்தான், தூங்கினான். கிளை வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள். உடன்குடியில் எனக்குத் தெரிந்த பனையேறி ஒருவர் இருக்கிறார், அரிவாளோடு வருவார்.